கடல் வெறுங்காணி அல்ல

எமது வடபகுதியின் ஆழங்குறைந்த கடலில் இப்போது வேலிகள் எழுகின்றன. கம்பு நட்டு, வலை கட்டி, உள்ளே கடலட்டை வளர்க்கிறார்கள். 2016இல் அரியாலையில் சீன முதலீட்டுடன் அட்டைக்குஞ்சு பொரிப்பகம் ஒன்று தொடங்கியது. 2022 யூன் மாதத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், மட்டக்களப்பு மாவட்டங்களில் 5,000 ஏக்கரில் பாரிய அளவில் அட்டை வளர்க்கும் திட்டத்துக்கு அமைச்சரவை அனுமதி வழங்கியது.

இடம்பெயர்ந்து, சொந்தக் காணியும் கிணறும் இன்னும் கைக்கு வராத கமக்காரக் குடும்பங்களிடையே இதனால் ஒரு கேள்வி எழுந்துள்ளது: "கமம் செய்ய நிலமில்லை, கடலில் ஒரு துண்டு எடுத்து அட்டை வளர்த்தால் என்ன?" நியாயமான கேள்விதான். ஆனால் விதைக்குமுன் மண்ணைக் கையில் அள்ளிப் பார்ப்பவர்கள் நாம். கடலையும் அவ்வாறு அறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும் என்பது எமது கருத்து.

கடலின் மண்புழு

கடலட்டை என்றதும் இரத்தம் உறிஞ்சும் அட்டையை நினைக்க வேண்டாம். இது நட்சத்திர மீனுக்கு உறவான, முள்ளந்தண்டில்லாத பிராணி. இங்கே பண்ணைகளில் வளர்ப்பது பெரும்பாலும் வெள்ளை அட்டை. வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கும். மணலோடு வரும் பற்றீரியா, நுண்பாசி, உக்கிய இலைத்துகள் ஆகியவற்றைச் சமிபாடடையச் செய்து, மிகுதி மணலை வெளியே தள்ளும். பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து, பொழுதுபட்ட பின் மேலே வரும். இப்படிப் புதைந்தும் எழுந்தும் அடிமணலைக் கிளறி, உள்ளே நீரும் பிராணவாயுவும் புகச் செய்கிறது. தோட்டத்தில் மண்புழு செய்வதும் இதே வேலைதான். சாள்ஸ் டார்வின் 1881இல் மண்புழுவின் வேலையைப் பற்றியே ஒரு முழு நூலை வெளியிட்டார். கடலட்டையும் அத்தகைய மதிப்புக்குரியது.

அட்டைக்கு எவரும் தீன் போடுவதில்லை. மணலில் உள்ளதையே அது உண்ணுகிறது. எனவே அளவுக்கு மேல் குஞ்சு விட்டால் வளர்ச்சி நின்றுவிடும். ஐந்து மாடு மேயக்கூடிய தரவையில் ஐம்பது மாட்டை அடைத்தால் என்னவாகும் என்பது எமக்குத் தெரியாததா?

அதன் இனப்பெருக்கத்தையும் அறிந்திருக்க வேண்டும். ஆண் அட்டை விந்தையும் பெண் அட்டை முட்டைகளையும் கடல்நீரில் விட்டுவிடும். அவை அருகருகே போதிய எண்ணிக்கையில் இருந்தாலன்றி முட்டைகள் கருக்கட்டா. அளவுக்கு மிஞ்சிப் பிடித்த இடத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மிஞ்சினாலும் இனம் பெருகாததற்குக் காரணம் இதுவே. இந்தியா 2001இல் கடலட்டை பிடிப்பதை முற்றாகத் தடைசெய்தது.

சாதாளை என்னும் நாற்றுமேடை

முட்டையிலிருந்து வரும் குடம்பி ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நீரோட்டத்தோடு அலைந்து, கடற்புல்லின் இலையில் வந்து ஒட்டும். சற்று வளர்ந்த பின்னரே மணலில் இறங்கும். கரையொதுங்கும் சாதாளையை எமது முன்னோர் அள்ளிவந்து பசளையாகத் தாழ்த்தார்கள். அது உயிரோடு நிற்கும்போது அட்டைக்கும் இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றுமேடை. இறால் வெளிக்கடலில் முட்டையிடும். அதன் குஞ்சுகள் வற்றுப்பெருக்கோடு பரவைக்கடலுக்குள் வந்து, சாதாளைக்குள் வளர்ந்து, மீண்டும் வெளிக்கடலுக்குத் திரும்பும். எமது கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. அந்தச் சிறு அசைவுதான் இவ்வளவு உயிர்களுக்கும் பாதை. வரிசை வரிசையாக வேலி கட்டி, வலைக் கண்களில் பாசி பிடித்துவிட்டால், அந்தப் பாதை அடைபடும்.

உப்பும் மாரியும்

சமுத்திர நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. யாழ்ப்பாணப் பரவைக்கடலிலோ இந்த அளவு ஒரு நிலையில் நிற்பதில்லை. 400 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்த நீர்ப்பரப்பு மேற்கே பாக்கு நீரிணையோடு தொடர்புடையது, கிழக்கே அடைபட்டது. மாரியில் மழைவெள்ளம் சேர்ந்து உப்பு குறையும். கோடையில் நீர் ஆவியாகி, உட்பகுதிகளில் சமுத்திரத்தைவிட உவராகும். நீர் திடீரென நன்னீராவதை வெள்ளை அட்டை தாங்காது. மீன் என்றால் ஆழத்துக்கு ஓடித் தப்பும். வேலிக்குள் கிடக்கும் அட்டை எங்கே போகும்? பெருமழை பெய்த ஒரு கிழமையில் முழு முதலும் அழியலாம். கடன் வாங்க முன்னர், தாம் எடுக்கும் இடத்துக்கு மாரியில் எந்தப் பக்கத்து வெள்ளம் வந்து சேர்கிறது என்பதை ஒவ்வொருவரும் கேட்டறிய வேண்டும்.

சந்தையும் எமது கையில் இல்லை. இந்த நாட்டில் கடலட்டை உண்பவர் இல்லையென்றே சொல்லலாம். சீனாவிலும் ஹொங்கொங்கிலும் சிங்கப்பூரிலும் உள்ள வியாபாரிகளே விலையைத் தீர்மானிக்கிறார்கள். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது எமது மிளகாயும் வெங்காயமும் பட்ட பாட்டை மறக்கலாகாது.

யாருடைய வயல்?

கரையிலிருந்து பார்ப்பவருக்கு ஆழங்குறைந்த கடல் தரிசாகத் தோன்றலாம். அங்கே சிறகுவலை கட்டுவோரும் நண்டுவலை விடுவோரும் முழங்கால் நீரில் மட்டி பொறுக்கும் பெண்களும் தலைமுறை தலைமுறையாகச் சீவிக்கிறார்கள். அவர்களில் பலரும் எம்மைப்போல் இடம்பெயர்ந்து அலைந்தவர்களே. இரணைதீவு மக்கள் 1992இல் தமது தீவை விட்டு வெளியேறி, 2018இல்தான் அங்கே மீண்டும் கால்வைத்தார்கள். 2022இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கிராஞ்சி, இலவங்குடாக் கடற்றொழிலாளர்கள் தமது தொழிலிடத்தில் அட்டைப் பண்ணைகள் அமைவதை எதிர்த்து நெடுநாள் போராடினார்கள்.

வேதாகமத்தில் ரூத்து என்னும் பெண்ணை நாம் அறிவோம். அந்நிய மண்ணுக்கு வந்த ஏழை விதவையான அவள், பிறர் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைத்தாள். ஏழைக்கும் அந்நியருக்கும் வயலின் ஓரத்தை விட்டுவைப்பது அக்காலச் சட்டம். முழங்கால் நீர் இங்குள்ள ஏழைகளுக்கு விட்டுவைக்கப்பட்ட வயலோரம். அதற்கு வேலி போடும் உரிமை எவருக்கும் இல்லை.

பண்ணை வேண்டாம் என்று நாம் ஒரேயடியாகச் சொல்லவில்லை. பண்ணை வைத்திருப்போரில் கடற்றொழிலாளர் சங்க அங்கத்தவர்களும் உள்ளனர். சில குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. எனினும் சில நிபந்தனைகளை நாம் முன்வைக்கிறோம். சாதாளை அடர்ந்த இடத்தில் வேலி கூடாது. அந்தக் கரைக்குரிய கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் பொதுக்கூட்டம் கூடிச் சம்மதித்த பின்னரே அனுமதிப்பத்திரம் வழங்க வேண்டும். பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளையே விட வேண்டும். கடலில் கிடக்கும் சிறு அட்டைகளைப் பொறுக்கி அடைக்கக் கூடாது. வள்ளமும் நீரோட்டமும் செல்லப் போதிய இடைவெளி வேண்டும். நகையையோ காணி உறுதியையோ ஈடுவைத்து எவரும் இதில் இறங்கக் கூடாது.

இவற்றோடு இன்னுமொன்று. எமது காணிகளை எம்மிடம் கையளிப்பதற்குப் பதிலாகக் கடலில் ஏக்கர் தருகிறோம் என்று எவராவது சொன்னால், அதனை நாம் ஏற்கக் கூடாது. எமது காணி எமக்கு வேண்டும். அவர்களது கடல் அவர்களுக்கு வேண்டும். ஒருவர் இழந்ததை மற்றவரிடமிருந்து பறித்து ஈடுசெய்வது நீதியாகாது. கமக்காரர் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே மண்டபத்தில் கூடி இதனைப் பேச வேண்டும். அடுத்த மாரிக்கு முன்னரே அக்கூட்டத்தைக் கூட்டும்படி ஒவ்வொரு கிராமத்தையும் நாம் கேட்டுக்கொள்கிறோம்.