வீடு ஆடினால் பதறாதீர்கள்

தோட்டத்து லயத்தை விட்டு அம்பாங் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு வந்த குடும்பங்கள் பல. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தால் இங்கே மாடி ஏன் ஆடுகிறது?

பிள்ளைகளோடு இதைச் செய்து பாருங்கள். ஒரு மீட்டர் நூலில் கல்லைக் கட்டி மெல்ல ஆட்டுங்கள். போய்த் திரும்ப சுமார் 2 விநாடி ஆகும். வேறு கனத்தில் கல்லைக் கட்டினாலும் நேரம் மாறாது. நூலை 4 மீட்டராக்கினால் 4 விநாடி. இதுதான் ஊசல்.

கட்டடத்துக்கும் சொந்த ஆட்ட நேரம் உண்டு. உயர்ந்த கட்டடம் மெதுவாக ஆடும். ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால், சிறு தள்ளலிலும் ஆட்டம் பெருகுமல்லவா? இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். நிலநடுக்கத்தின் வேக அதிர்வுகள் வழியிலேயே தேய்ந்துவிடும். மெதுவானவை இங்கு வரை வந்து உயர்ந்த மாடிகளை ஆட்டும். 2004 டிசம்பர் 26-இல் கோலாலம்பூர் மாடிகளில் இருந்தோர் உணர்ந்தது அதைத்தான்.

அம்பாங் சாலையருகே நிற்கும் 452 மீட்டர் இரட்டைக் கோபுரமும் காற்றில் சற்றே ஆடும். அதனால் 41, 42-ஆம் மாடிகளில் உள்ள பாலத்தை இறுகப் பிணைக்காமல், நகர இடம் விட்டே அமைத்தார்கள்.

ஆகவே, வீடு ஆடினால் லிப்டுக்கு ஓடாதீர்கள். கண்ணாடியை விட்டு விலகி, மேசைக்கடியில் பதுங்குங்கள். ஆட்டம் நின்றதும் படிக்கட்டில் இறங்குங்கள். பிள்ளைகளுக்கும் இன்றே சொல்லி வையுங்கள்.