சாக்லேட்டில் அச்சேறும் சாதி

நண்பர் ஒருவரின் திருமண வரவேற்புக்குப் போயிருந்தேன். கிளம்பும்போது தாம்பூலப் பைக்குப் பதிலாக ஒரு சின்ன அட்டைப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே நான்கு சாக்லேட். ஒவ்வொன்றின் மேலும் மணமக்கள் படம். மூடியில் தங்க நிற எழுத்தில் இரு வீட்டாரின் பெயர்கள். இரண்டு அப்பாக்களின் பெயருக்குப் பின்னாலும் ஒரே சாதிப் பட்டம்.

நண்பர் பெரியார் பிறந்தநாளுக்கும் அம்பேத்கர் பிறந்தநாளுக்கும் தவறாமல் பதிவு போடுகிறவர். கேட்டேன். “அது பெரியவங்க விருப்பம் தோழர். சாக்லேட்தானே, விடுங்க” என்றார்.

சாக்லேட் மீது எனக்கு ஒரு பகையும் இல்லை. மஞ்சள் குங்குமத்தோடு கொடுக்கும் தாம்பூலம் கணவனை இழந்த பெண்ணை விலக்கி வைத்தது. சாக்லேட் யாரையும் விலக்குவதில்லை. அந்த வகையில் அது நல்ல மாற்றம்தான். ஆனால் உள்ளே இருக்கும் பண்டம் மாறியதே தவிர, மூடியில் இருப்பது மாறவில்லை.

1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் சாதிப் பட்டத்தைப் பொதுவெளியில் சொல்லவே கூச்சப்படும் நிலை உருவானது. அந்தக் கூச்சத்தைத்தான் இப்போது காசு கொடுத்துத் துடைக்கிறோம். அலுவலகத்தில் வெறும் பெயரோடு உலவுகிறவர், கல்யாணப் பத்திரிகையிலும் பேனரிலும் சாக்லேட் பெட்டியிலும் பட்டத்தோடு வந்து நிற்கிறார்.

“எல்லாச் சாதிக்காரரும் வந்தார்கள், எல்லோருக்கும் ஒரே சாக்லேட்தானே கொடுத்தோம்” என்று கேட்பார்கள். அம்பேத்கர் இதற்கு 1936லேயே பதில் சொல்லிவிட்டார். லாகூர் மாநாட்டில் பேச விடாமல் தடுக்கப்பட்டு, பின்பு நூலாக அவரே வெளியிட்ட ‘சாதி ஒழிப்பு’ உரையில், சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி சாகாது, கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். இனிப்பை எல்லோருக்கும் நீட்டிவிட்டு, துணையை மட்டும் சொந்தச் சாதிக்குள் தேடுவதற்குப் பெயர் சமத்துவமா?

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நடுத்தெருவில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். கௌசல்யாவைக் காதலித்து மணந்ததுதான் அவர் செய்த ‘குற்றம்’. அரிவாள் எடுத்தவர்கள் வேறு, நாம் வேறு என்று ஒதுங்கிக்கொள்வது எளிது. சாதி பார்த்து நடக்கும் ஒவ்வொரு கல்யாணமும் அந்த அரிவாளுக்கு ஒரு நியாயத்தைச் சேர்த்துக் கொடுக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, மண்டபம் முழுக்கச் சிதறிக் கிடந்த சாக்லேட் உறைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார் ஓர் அம்மா. அவர் கையில் யாரும் ஒரு பெட்டி கொடுத்ததாகத் தெரியவில்லை. பட்டம் அச்சடித்த மூடிகளை அள்ளும் வேலை மட்டும் எந்தச் சாதிக்கு என்பதில் இந்தச் சமூகத்துக்குக் குழப்பமே வருவதில்லை.

கல்யாண வயதில் இருக்கும் தோழர்களே, உங்கள் முன்னால் இருக்கும் வழி புதியதல்ல. சடங்கும் புரோகிதரும் இல்லாமல், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே திருமணம் செல்லும் என்கிறது 1967ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருத்தச் சட்டம். சாக்லேட் கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கூட்டுகிற அம்மாவுக்கு முதலில் கொடுங்கள். அச்சகத்துக்குப் போகும் முன் பட்டத்தை அடியுங்கள். “பெரியவங்க விருப்பம்” என்று நழுவாதீர்கள்; கல்யாணம் உங்களுடையது. அதற்கும் முன்னால், உங்கள் துணையை யார் தேர்ந்தெடுத்தது, நீங்களா, உங்கள் சாதியா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.