ஒவ்வொரு சலவைக்கும் 1,400 சுற்று வேண்டுமா?

மின்பொருள் கடைகளில் முன்பக்கக் கதவு வைத்த சலவை இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஓர் எண் பளிச்சென்று ஒட்டியிருக்கும்: 1,000, 1,200, 1,400. நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுழன்று துணியைப் பிழியும் என்பதைச் சொல்லும் எண் அது. பிடிஓ வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் இயந்திரம் வாங்கக் கிளம்பும் இளம் தம்பதியர் பலர், எண் பெரிதாக இருந்தால் இயந்திரமும் நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகு, பள்ளிச் சீருடையோ போர்வையோ, எல்லாவற்றுக்கும் அதே உச்ச வேகம்தான்.

சில ஆண்டுகள் கழித்து, பிழியும் நேரத்தில் விமானம் கிளம்புவது போலச் சத்தம் வரும். பழுதுபார்க்க வருபவர், “பேரிங் போய்விட்டது. செலவழித்துச் சரிசெய்வதைவிடப் புதிதாக வாங்கிவிடுங்கள்” என்பார். நல்ல மோட்டார், நல்ல மின்பலகை, கீறல் விழாத கதவு எல்லாம் அந்தப் பேரிங்கோடு சேர்ந்து வெளியேறும்.

வேகம் கூடினால் என்ன ஆகும்?

டிரம்மின் விட்டம் சுமார் 50 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,400 சுற்றில் அதன் சுவரோடு ஒட்டியிருக்கும் துணி மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுகிறது. நம் விரைவுச்சாலையில் காருக்கே 90 கிலோமீட்டர்தான் உச்ச வரம்பு.

துணிகள் டிரம்மைச் சுற்றிச் சமமாகப் பரவியிருந்தால் கவலையில்லை. ஒரு பக்கத்தில் 300 கிராம் கூடுதலாகச் சேர்ந்துவிட்டால்? கணக்குப்படி 800 சுற்றில் அந்த 300 கிராம் சுமார் 54 கிலோ எடை இழுப்பதுபோல் இழுக்கும். 1,400 சுற்றில் அதே ஈரத்துணி 160 கிலோவுக்கு மேல் இழுக்கும். வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. இழுவிசையோ மூன்று மடங்கு. பேரிங்கும், அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரும், டிரம்மின் பின்னால் இருக்கும் மூன்று கைத் தாங்கியும் இதைத் தாங்கியாக வேண்டும்.

பதிலுக்குக் கிடைப்பது என்ன? உலர்ந்த நிலையில் 5 கிலோ எடையுள்ள பருத்தித் துணி, 800 சுற்றில் பிழிந்த பிறகும் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருக்கும். 1,000 சுற்றில் அது 3 லிட்டராகும். 1,400 சுற்றில் சுமார் இரண்டரை லிட்டர். இயந்திரத்துக்கு இயந்திரம் இது சற்று மாறும். ஆனால் முதல் 200 சுற்றில் குறைந்த அரை லிட்டரை மீண்டும் குறைக்க, அடுத்து 400 சுற்று தேவைப்படுவதைக் கவனியுங்கள். மேலே போகப் போக நீர் குறைவாகவே வெளியேறுகிறது; சுமைதான் ஏறுகிறது.

வேகம் மட்டுமே எதிரி இல்லை

1,400 சுற்றுக்கென்று செய்த இயந்திரம் அந்த வேகத்தைத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கும். அதிலும் உச்ச வேகம் நீடிப்பது கடைசிச் சில நிமிடங்களே. வேகத்தோடு வேறு இரண்டு சேரும்போதுதான் ஆயுள் குறைகிறது.

முதலாவது, சமமில்லாத சுமை. ஒரே ஒரு தடித்த போர்வை, ஒற்றை ஜீன்ஸ், ரப்பர் அடிப்பாகம் கொண்ட குளியலறை விரிப்பு ஆகியவை டிரம்மில் பரவாமல் ஒரே இடத்தில் குவியும். இயந்திரம் நின்று நின்று புரட்டிப் பார்க்கும். கடைசி ஒன்பது நிமிடம் என்று காட்டிக்கொண்டே அரை மணி நேரம் ஓடுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒற்றைத் துணியோடு இரண்டு மூன்று துவாலைகளைச் சேர்த்துப் போட்டால் எடை பரவிவிடும். நீர் புகாத மெத்தை விரிப்பையும் மழைக்கோட்டையும் மட்டும் வேகமாகப் பிழியவே கூடாது. அவற்றின் மடிப்பில் தேங்கும் நீர் வேகத்தின் நடுவில் திடீரென இடம் மாறி, இயந்திரத்தையே தூக்கிப்போடும்.

இரண்டாவது, சலவைத்தூள். நம்மில் பலர் எப்போதும் குளிர்ந்த நீரில்தான் துவைக்கிறோம். தூளையும் மென்மையூட்டும் திரவத்தையும் தாராளமாக ஊற்றுகிறோம். கரையாத மிச்சம் டிரம்முக்குப் பின்னால் பசையாகப் படிகிறது. பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்யப்படும் மூன்று கைத் தாங்கியை அது மெல்ல அரிக்கிறது. நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் தேய்ந்துவிட்டால், நீர் உள்ளே கசிந்து பேரிங்கின் கிரீஸைக் கழுவிவிடும், பிறகு துருதான். இப்படி உள்ளே பலவீனமான பாகங்கள் ஒருநாள் உச்ச வேகத்தில் கைவிடுகின்றன.

எதற்கு எந்த வேகம்?

சட்டை, சீருடை, அன்றாட உடைகளுக்கு 800 முதல் 1,000 சுற்று போதும். சுருக்கமும் குறையும், இஸ்திரி போடும் வேலையும் குறையும். துவாலை, படுக்கை விரிப்பு, ஜீன்ஸ் போன்றவற்றுக்கு 1,200. மெல்லிய சேலை, ஜார்ஜெட், வேலைப்பாடுள்ள சுடிதார் ஆகியவற்றைச் சலவைப் பையில் போட்டு, 400 முதல் 600க்குள் வையுங்கள்.

1,400 வீண் என்று சொல்லவில்லை. ஈரப்பதம் மிகுந்த ஊர் நம்முடையது. டிசம்பர், ஜனவரி மழையில் மூங்கில் கழிகளை வெளியே நீட்ட முடியாமல் வீட்டுக்குள் காயப்போடும்போதும், டிரையரில் போடும்போதும் பருத்தித் துணிக்கு அந்த வேகம் உதவும். நீரைச் சூடாக்கி ஆவியாக்குவதைவிடச் சுழற்றிப் பிழிவதற்கு மின்சாரம் மிகக் குறைவாகவே ஆகும்.

மாதம் ஒருமுறை துணி போடாமல் 60 டிகிரி வெந்நீரில் ஓடவிடுங்கள். துவைத்து முடித்ததும் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவர்கள் உள்ளே ஏறாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். புது இயந்திரம் வந்திறங்கியதும், டிரம் அசையாமல் இருக்கப் பின்புறம் மாட்டிய நீண்ட போல்டுகளைக் கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள். கழற்றாமல் ஓட்டினால் முதல் நாளே சேதம்தான். கழற்றிய போல்டுகளை வீசிவிடாதீர்கள், வீடு மாறும்போது மீண்டும் தேவைப்படும்.

வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். பத்து ஆண்டு உத்தரவாதம் எதற்கு? பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான் இருக்கும். பேரிங் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாமா? சில இயந்திரங்களில் வெளித்தொட்டியைப் பிரிக்க முடியாதபடி ஒட்டியிருப்பார்கள். பேரிங்குக்காகத் தொட்டியையே மாற்ற வேண்டிவரும். எத்தனை சுற்று என்பதைவிட, இந்த இரண்டு பதில்களே உங்கள் பணத்தைக் காக்கும்.

ஏற்கெனவே இயந்திரம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று சத்தம் வருகிறதா? விளிம்பைப் பிடித்து மேலே தூக்கினால், வெளித்தொட்டி அசையாமல் டிரம் மட்டும் ஆடுகிறதா? அப்படியானால் வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு, பழுதுபார்ப்பவரை உடனே அழையுங்கள். பேரிங் அடியோடு நொறுங்கும்வரை ஓட்டினால், தாங்கியும் தொட்டியும் சேர்ந்து கெட்டு, சரிசெய்யும் வாய்ப்பே இல்லாமல் போகும்.