கடை மிளகாய் வித்தாகுமா?

மளிகைக் கடையில் வாங்கிய மிளகாய் வற்றலை உடைத்து, அதன் விதையை நாற்றங்காலில் தூவும் வழக்கம் இன்னும் நின்றபாடில்லை. விதை முளைத்து விடுகின்றது. ஆதலின் அது நல்ல வித்தே என்று குடியானவர் எண்ணி விடுகின்றனர். முளைப்பது வேறு, விளைவது வேறு என்பதை, நாற்று நட்டுக் களையெடுத்து எருவும் நீரும் செலவிட்ட பின்னரே அவர்கள் உணர நேரிடுகின்றது.

கடையிலுள்ள மூட்டை ஒரே வயலில் விளைந்ததென்று சொல்வதற்கில்லை. மண்டியில் பல ஊர்ச் சரக்கும் ஒன்றாய்க் கலப்பதுண்டு. அவற்றுள் வீரிய ஒட்டு விதையினின்று விளைந்தவையும் இருக்கும். ஒட்டுச் செடியின் காயிலிருந்து எடுத்த வித்து தாய்ச் செடியைப் போலவே வருவதில்லை. பெற்றோரின் குணங்கள் பிரிந்து, ஒரு செடி நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும், ஒன்று காரமாகவும் பிறிதொன்று சப்பென்றும் நிற்கும். ஒட்டல்லாத ரகமாயினும் கவலை தீர்ந்ததன்று. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுற வல்லதெனினும், தேனீ முதலியவற்றால் அயல் மகரந்தம் சேர்வதும் மிகுதி. அதனாலன்றோ சான்று விதைக்கு 200 மீட்டரும், ஆதார விதைக்கு 400 மீட்டரும் வேறு ரக வயலினின்று விலகியிருக்க வேண்டுமென விதி செய்துள்ளனர்! கடை வற்றலுக்கு அவ்விலகலை யார் பார்த்தார்? பழ அழுகல் நோயின் பூசணமும் விதையோடு கூடவே வயலுக்கு வந்து சேரும்.

ஏக்கருக்கு வேண்டிய ரக விதை ஏறக்குறைய 400 கிராமே. இதில் மிச்சம் பிடிப்பது பெரிய சிக்கனமன்று. எனினும் குடியானவரை மட்டும் நோவதும் நியாயமன்று. ஒட்டு விதையின் விலையோ அதிகம்; அதையும் போகந்தோறும் வாங்க வேண்டும். ஆனால் அதற்குப் பரிகாரம் மளிகைக் கடையில் இல்லை. நிலைத்த ரகம் பயிரிட்ட சொந்த வயலிலேயே இருக்கின்றது. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிக முத்திரையிடாமல் விற்கவும் உழவருக்கு உரிமை தந்துள்ளது.

வயலின் நடுவே, வேற்றுச் செடி கலவாத இடத்தில், நோயற்றுச் செழித்துக் காய்த்த செடிகளுக்கு முன்னதாகவே கயிறு கட்டி அடையாளம் செய்தல் வேண்டும். பறித்துக் குவித்த பின் பெரிய பழமாகப் பொறுக்குவது பயனற்றது. பழம் எச்செடியினது என்பது அப்போது தெரியாது. நன்கு சிவந்த, புள்ளியற்ற பழங்களை மட்டும் எடுத்து உலர்த்தி, விதையைப் பிரித்து, ஈரம் நூற்றுக்கு 6க்கு மேற்படாதவாறு காயவைத்துக் காற்றுப் புகாத பாத்திரத்தில் வைக்கலாம். விதைக்குமுன் 100 விதையை ஈரத்துணியில் முடிந்து பார்த்தால், 14 நாளில் 60க்குக் குறையாமல் முளைத்திருக்க வேண்டும்.

இராமநாதபுரம் சீமையில் இவ்விஷயம் பின்னும் கவனிக்கத்தக்கது. அங்குள்ள முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் மதிப்பு உருண்டை வடிவிலும் தனிக் குணத்திலும் நிற்பது. நீள வற்றலின் வித்து அவ்வயல்களிடையே புகுந்தால், அடுத்த ஆண்டுக் கலப்பு ஒருவர் நிலத்தோடு நில்லாது. ஆதலின் கிராம அதிகாரிகள், விதைப்புக்கு முன்பே நல்ல முண்டு விதை வைத்திருப்போர் யாரென விசாரித்து, இல்லாதவர்க்கு அறிவித்தல் நலம்.

கொல்லையில் வீட்டுச் செலவுக்கென நாலு செடிக்குக் கடை விதை போடுவதைத் தடுப்பாரில்லை. விதைக்கென்று விட்ட வயலுக்கு அது அருகில் இல்லாதிருந்தால் போதும்.