தட்டில் ஏறாத பாட்டு

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பெங்களூரு சிக்பேட்டையை ஒட்டிய தெருக்களில் நடைபாதை முழுக்கக் கடைதான். துருப்பிடித்த ஸ்பானர், ஓடாத கடிகாரம், இறக்கை ஒடிந்த மின்விசிறி, இவற்றுக்கு நடுவே சில சமயம் பழைய இசைத்தட்டுகளும் அடுக்கிக் கிடக்கும். முன்பெல்லாம் அவற்றைப் புரட்டுகிறவர் ராஜ்குமார் படப் பாட்டையோ பி.பி. ஸ்ரீனிவாஸ் குரலையோ தேடும் பெரியவராக இருப்பார். இப்போது குனிந்து புரட்டுகிறவருக்கு இருபத்தைந்து வயது. கையிலிருக்கும் போனில் வெளிநாட்டு விலையை உடனுக்குடன் பார்த்துக்கொள்கிறார். அவர் தேடுவது சினிமாப் பாட்டை அல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிகரெட் கம்பெனி வெளியிட்ட ராக் இசைத்தட்டை.

அந்தக் கதை சுவையானது. 1960களின் கடைசியில் இம்பீரியல் டுபாக்கோ நிறுவனம் தன் ‘சிம்லா’ சிகரெட்டை இளைஞர்களிடம் கொண்டுசேர்க்க ஒரு வழி கண்டது. கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பாட்டு பாடும் பையன்களுக்கு ஒரு போட்டி. தேறியவர்களின் பாடல்களைத் தொகுத்து 1970லும் 1971லும் ‘சிம்லா பீட்’ என்ற பெயரில் இரண்டு எல்.பி. தட்டுகள் வந்தன. ஷில்லாங்கின் ‘ஃபென்டோன்ஸ்’, கல்கத்தாவின் ‘கிரேட் பேர்’, மெட்ராஸின் ‘கன்ஃபியூஷன்ஸ்’ என்று நாட்டின் நாலா மூலையிலிருந்தும் குழுக்கள். சில பாடல்கள் அமெரிக்கக் குழுக்களின் அப்பட்டமான நகல். சில சொந்தச் சரக்கு. சிகரெட் விற்றதோ இல்லையோ, தட்டுகள் பரணுக்குப் போய்விட்டன. பையன்கள் வங்கியிலும் விளம்பர நிறுவனத்திலும் வேலைக்குப் போனார்கள்.

பல ஆண்டுகள் கழித்து அந்தத் தட்டுகளைத் தூசு தட்டி எடுத்தவர்கள் இந்தியர்கள் அல்ல, மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள். கனவில் கேட்பது போல ஒலிகளைக் குழைத்துத் தரும் ‘சைகடெலிக்’ ராக் இசைக்கு உலகெங்கும் ஒரு சிறு கூட்டம் அடிமை. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சலித்து முடித்த அந்தக் கூட்டம் துருக்கி, ஜாம்பியா, பெரு என்று தேடி, கடைசியில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. ‘சிம்லா பீட்’ வெளிநாட்டில் மறுபதிப்பு கண்டது. பம்பாயின் ‘அடாமிக் ஃபாரஸ்ட்’ குழுவின் ‘அப்செஷன் 77’ ஆல்பத்தை அமெரிக்காவின் ‘நவ்-அகெய்ன்’ நிறுவனம் 2010களின் தொடக்கத்தில் மீண்டும் வெளியிட்டது. 1982ல் சரண்ஜித் சிங் என்ற பம்பாய் சினிமாக் கலைஞர் பத்து ராகங்களை மின்னணுத் தாளத்தில் வாசித்து வெளியிட்ட தட்டு வந்தபோது சீந்துவாரில்லை. 2010ல் மறுபதிப்பு வந்ததும், ‘ஹவுஸ்’ இசை என்று உலகம் பின்னால் பெயர் வைத்ததை இவர் முன்பே வாசித்துவிட்டாரே என்று ஐரோப்பா மூக்கில் விரல் வைத்தது. எழுபது வயதில் அவர் அங்கே மேடையேறினார். 2015ல் காலமாவதற்குள் கைதட்டலைக் கேட்டுவிட்டார் என்பதில் ஒரு ஆறுதல்.

தோற்ற பாட்டுக்கு இரண்டாவது ஆயுள் கிடைப்பது புதிய சங்கதி அல்ல. 1970களில் வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் ஊர்களில் இளைஞர்கள் இரவு முழுக்க ஆடினார்கள். ஆடியது அன்றைய ஹிட் பாடல்களுக்கு அல்ல. அமெரிக்கக் கறுப்பினத்தவர் 1960களில் பாடி, விற்காமல் போன ‘சோல்’ பாடல்களுக்கு. யாருக்கும் தெரியாத தட்டு என்றால்தான் அங்கே மதிப்பு. ‘நார்தர்ன் சோல்’ என்று அதற்குப் பெயர். 1973ல் திறந்து 1981ல் மூடிய விகன் கேசினோ என்ற நடன அரங்கம் அதன் கோயில். ஒரு பாடகர் தன் ஊரில் கேட்பாரற்றுக் கிடக்க, கடல் கடந்து எங்கோ ஒரு ஊரில் அவர் குரலுக்கு ஆயிரம் பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். செய்தி அவருக்கு எட்டாமலே போனதும் உண்டு.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் சோல், டிஸ்கோ உலகில் பெயர் பெற்ற ஒருவர் பெங்களூர்க்காரர். பித்து அப்பையா, 1945ல் பிறந்த கொடவர். ரேடியோ சிலோனில் பாப் பாட்டு கேட்டு வளர்ந்து, நண்பர்களோடு ‘ட்ரோஜன்ஸ்’ என்ற குழு அமைத்து, கல்கத்தா, பம்பாய் கேளிக்கை விடுதிகளில் பாடி, 1967ல் லண்டன் போனவர். 1974ல் ஜமைக்காவில் பிறந்த கார்ல் டக்ளஸை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார். தட்டின் பின்பக்கத்தை நிரப்ப, மிச்சமிருந்த பத்து நிமிடத்தில் பதிந்தது ‘குங் ஃபூ ஃபைட்டிங்’. பிரிட்டன், அமெரிக்கா இரண்டிலும் அது முதலிடம் பிடித்தது. 1976ல் டினா சார்ல்ஸ், ஜிம்மி ஜேம்ஸ் ஆகியோரின் வெற்றிகளும் பித்துவின் கைவண்ணம்தான். அதே ஆண்டு லண்டனில் கிளம்பிய ‘பங்க்’ இளைஞர்கள் எதிர்த்து முஷ்டி தூக்கியது இந்த வழவழப்பான டிஸ்கோவையும் சேர்த்துத்தான் என்பது வேறு விஷயம். 1980ல் ‘குர்பானி’ படத்தில் பதினைந்து வயது நாஜியா ஹசனின் குரல் வழியாக அவர் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோதுதான் நம்மவர்களுக்கு அவர் பெயர் தெரிந்தது.

பித்து வெளியேறினார், பதிவானார், நிலைத்தார். ஊரிலேயே இருந்தவர்கள்?

பெங்களூரில் இந்த இசை வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. 1809ல் பிரிட்டிஷார் படை முகாமை இங்கே அமைத்த நாளிலிருந்து கண்டோன்மெண்ட் ஒரு தனி உலகம். படையோடு வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், தேவாலயப் பாடகர் குழு, பேண்டு வாத்தியம், சனிக்கிழமை நடனம் என்று பல சரடுகள் அங்கே பின்னிக் கிடந்தன. 1960களில் பீட்டில்ஸ் வந்தபோது கிடாரைப் பிடிக்கத் தெரிந்த விரல்கள் இங்கே தயாராக இருந்தன. 1970களின் தொடக்கத்தில் இந்த ஊரிலிருந்து கிளம்பிய ‘ஹியூமன் பாண்டேஜ்’ என்ற குழுவைப் பற்றி அன்றைய ரசிகர்கள் இன்றும் கண் விரியப் பேசுகிறார்கள். கிடாரில் சுரேஷ் ஷோத்தம், டிரம்ஸில் ரமேஷ் ஷோத்தம், பின்னர் பாடகியாகச் சேர்ந்தவர் ராதா தாமஸ். பெண் ஒருவர் ராக் குழுவின் முன்னால் நின்று பாடுவது அன்று அபூர்வக் காட்சி.

சிக்கல் இங்கேதான். அந்தக் குழுவின் பெயரில் கடையில் விற்ற ஆல்பம் ஒன்றுகூட இல்லை. எந்தச் சேகரிப்பாளர் எத்தனை டாலர் நீட்டினாலும், எந்த நடைபாதையில் குனிந்து புரட்டினாலும் அது கிடைக்காது. இன்று மறுகண்டுபிடிப்பு என்று கொண்டாடப்படுவதெல்லாம் தட்டில் ஏறிய இசைதான். தட்டில் ஏறியவர்கள்தாம் சிறந்தவர்கள் என்று சொல்ல முடியாது. போட்டிக்குப் போக ரயில் கட்டணம் இருந்தவர்கள், சரியான நாளில் சரியான ஊரில் இருந்தவர்கள், அவ்வளவுதான். வரலாறு ஒரு சிகரெட் கம்பெனியின் விளம்பரச் செலவைப் பொறுத்து அமைந்துவிட்டது.

ஏன் பதியவில்லை என்பதற்குப் பதில் எளிது. தட்டு அச்சிடும் தொழில் எச்.எம்.வி.யின் பிடியில் இருந்தது. போட்டிக்கு வந்த பாலிடோர் சிறியது. சினிமாப் பாட்டுக்கே நேரம் போதாத ஒலிப்பதிவுக் கூடத்தில் ஆங்கிலத்தில் பாடும் இந்தியப் பையன்களுக்கு இடம் ஏது? வெளிநாட்டு கிடார் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் சிக்கிக் கிடந்தது. கல்கத்தாவின் ‘கிவ்சன்’ கிடாரைப் பேர்பாதி ‘கிப்சன்’ என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வாசித்தார்கள். ஆம்ப்ளிஃபயரை ரேடியோ ரிப்பேர்க்காரர் செய்து கொடுத்தார். எல்லாவற்றுக்கும் மேல், விடுதிக்கு வருபவர் கேட்டது வெளிநாட்டு ஹிட் பாடலை. சொந்தப் பாட்டை எடுத்தால் நாற்காலி காலியாகும். நகலெடுப்பதில் தேர்ச்சி பெற்றதே பல குழுக்களின் சோறும் ஆனது, சாபமும் ஆனது.

அப்படியானால் நகலைத்தானே இழந்தோம், அதற்கு ஏன் இத்தனை ஒப்பாரி என்று கேட்கலாம். பாதி நியாயமான கேள்வி. மீதிப் பாதிக்குப் பதில் டிரம்ஸ் வாசித்தவரின் பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது. மெட்ராஸில் பிறந்த ரமேஷ் ஷோத்தம், ராக் மேடையிலிருந்து இறங்கி, மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி பெங்களூரில் 1964ல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷனுக்கு மாணவராகப் போனார். தவிலும் கடமும் கற்றார். பின்னர் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியேறி, தவிலை ஜாஸ் மேடையில் உட்காரவைத்தார். மியூனிக்கிலிருந்து 1978ல் பஸ் பிடித்துக் கிளம்பிய ‘எம்ப்ரியோ’ என்ற ராக் குழுவினர் இந்தியாவில் தேடி வந்து சேர்ந்து வாசித்ததும் இதே காலேஜ் கலைஞர்களோடுதான். 1983ல் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, மணி, பாடகி ஆர்.ஏ. ரமாமணி குழுவினரோடு பதிந்த ‘ஜ்யோதி’ ஜெர்மனியின் இ.சி.எம். நிறுவனத்தில் வெளியானது. நகலெடுத்த கைதான் பின்னர் எவரும் வாசிக்காததை வாசித்தது. அந்தக் கை எப்படிப் பழகியது என்பதற்கான முதல் அத்தியாயம்தான் ஒலியாகக் கிடைக்கவில்லை.

தமிழர்களுக்கு இதில் ஒரு பெருமிதமும் உண்டு. ராக்கும் சோலும் ஃபங்க்கும் நம் வீட்டுக்குள் ஆங்கிலத்தில் வரவில்லை. சினிமாப் பாட்டாக வந்துவிட்டன. கன்னட இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் கிடார் கலைஞராகவும் இருந்த இளையராஜா, 1977க்கும் 1983க்கும் நடுவில் செய்த மின்னணு பாப் பாடல்களை மட்டும் தனியே பொறுக்கி பிரிட்டனின் ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ ஒரு தொகுப்பே வெளியிட்டது. 1985ன் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ படப் பாட்டு 2003ல் ‘பிளாக் ஐட் பீஸ்’ ஆல்பத்தில் ஒலித்தது. ‘தளபதி’யின் தாளத்தை 2007ல் எடுத்து ஆண்டவர் ஈழத் தமிழ்ப் பெண்ணான எம்.ஐ.ஏ. பெங்களூரிலோ, ஷங்கர் நாக் நடித்த 1981ன் ‘கீதா’ படத்துக்கு இளையராஜா போட்ட துள்ளல் பாட்டு இல்லாமல் தெருவோர ஆர்கெஸ்ட்ரா எதுவும் முடிவதில்லை. சினிமா எதையும் தொலைக்கவில்லை. தொலைந்தது சினிமாவுக்கு வெளியே இருந்தது மட்டுமே.

மறுபதிப்பில் பணம் யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். அதாவது 1970ன் ‘சிம்லா பீட்’ 2030 முடியும்வரை யாரோ ஒருவரின் சொத்து. அந்த யாரோ பொதுவாகத் தட்டைத் தயாரித்தவர், பாடியவர் அல்ல. வாசித்தவருக்கென்று தனி உரிமையைச் சட்டம் ஒப்புக்கொண்டதே 1994ல்தான். பழைய தட்டு ஏலத்தில் எத்தனை ஆயிரத்துக்குப் போனாலும் அன்று வாசித்தவருக்கு அதில் ஒரு காசும் சேராது. கிடைப்பது பெயர் மட்டும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் 2003ல், அயர்ன் மெய்டன் 2007ல், மெட்டாலிகா 2011ல் என்று உலகப் பெருங்குழுக்கள் அரண்மனை மைதானத்துக்கு வந்துபோனதால் ‘இந்தியாவின் ராக் தலைநகரம்’ என்று இந்த ஊர் மார்தட்டிக்கொள்கிறது. 2019ல் ஜே.பி. நகரில் இந்திய இசைக்கென்று ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் காட்சிக்கு வைக்கப் பொருள் வேண்டும். 1970ல் இருபது வயதாக இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியவர். ஒத்திகையின்போது நண்பர் ஒருவர் ஸ்பூல் ரெக்கார்டரில் பிடித்துவைத்த நாடா ஏதாவது ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கலாம். பெட்டியைத் திறப்பவர் ஆர்வக்கோளாறில் உடனே ஓடவிட்டுவிடக் கூடாது. பூஞ்சை பிடித்த நாடாவில் காந்தப் பூச்சு உரிந்து இயந்திரத் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஐம்பது ஆண்டு காத்திருந்த பாட்டு அந்த ஒரு ஓட்டத்தோடு போய்விடும். ஈரம் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்திவைத்து, விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துக் கணினியில் ஏற்ற வேண்டும். யார் வாசித்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி உடன் வைக்க வேண்டும். அந்தச் சீட்டு இல்லையென்றால் நாளை அது வெறும் இரைச்சல்.

சிக்பேட்டை நடைபாதையில் குனிந்திருக்கும் இளைஞர் நல்ல காரியம்தான் செய்கிறார். நிமிர்ந்து, சில கிலோமீட்டர் தள்ளி ஃப்ரேசர் டவுனுக்கோ காக்ஸ் டவுனுக்கோ போய், ஒரு வீட்டுக் கதவைத் தட்டி, “தாத்தா, நீங்க அப்போ என்ன வாசிப்பீங்க?” என்று கேட்டால் இன்னும் நல்லது. அந்தச் சரக்குக்கு போனில் விலை பார்க்க முடியாது. கடை மூடும் நேரமும் நெருங்கிக்கொண்டிருக்கிறது.