கடனுதவி: கடன் எவ்வளவு? உதவி எவ்வளவு?

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த நாள்தொட்டு நம் வீடுகளில் தொலைபேசி ஓய்வதில்லை. "உங்கள் பிள்ளைக்கு எங்கள் கல்லூரியில் இடம் தயார். பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடனுதவிக்கு நாங்களே விண்ணப்பம் செய்து தருகிறோம். உபகாரச் சம்பளமும் உண்டு" என்று எதிர்முனையில் ஒரு குரல் இனிமையாகச் சொல்கிறது. சில நாள்களில் கல்லூரியின் சேர்க்கைக் கடிதத்தோடு பெற்றோர் ஆலோசனை கேட்டு வருவது, வேடிக்கையாக இருந்தாலும், தமிழ்ப்பள்ளிக்குத்தான். பிள்ளை ஆறாம் ஆண்டை முடித்துச் சென்று ஐந்தாண்டுகளுக்கும் மேல் ஆகியிருக்கும். ஆனாலும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட ஒரு கடிதத்தைக் கூச்சமின்றி நீட்டி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, டீச்சர்?" என்று கேட்பதற்கு அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

அதனால்தான் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஒருவர் கல்லூரி நிதியுதவியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். சிறிய தனியார் கல்லூரிகளுக்கு நான் எதிரியல்ல. 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்விக் கூடச் சட்டம் வந்த பிறகு பெருகிய இக்கல்லூரிகள், அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் கதவு திறக்காத நம் பிள்ளைகள் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன. வகுப்பில் இருபது முப்பது பேர் மட்டுமே இருப்பதால் விரிவுரையாளருக்கு மாணவனின் பெயர் தெரிந்திருக்கும் கல்லூரிகளும் உண்டு. அங்குப் பயின்று தாதியராகவும் கணக்காய்வாளராகவும் பாலர்பள்ளி ஆசிரியராகவும் உயர்ந்தவர்களை நாம் எல்லாரும் அறிவோம். என் கவலை கல்லூரியைப் பற்றியதன்று; கையொப்பத்தைப் பற்றியது.

நாம் 'கடனுதவி' என்கிறோம். அச்சொல்லில் முன்னால் நிற்பது கடன். ஆனால் நம் காதில் விழுவதோ உதவி மட்டுமே. உபகாரச் சம்பளம், கட்டணக் கழிவு, கல்விக் கடன் ஆகிய மூன்றையும் 'உதவி கிடைத்துவிட்டது' என்ற ஒரே வாக்கியத்தில் போட்டு மூடிவிடுகிறோம். மூன்றும் மூன்று வேறு பொருள்கள். இந்த வேறுபாட்டைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அதன் பெற்றோருக்கும் விளங்க வைக்காமல் எந்தப் பாரத்திலும் கையொப்பமிட விடக்கூடாது என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

மூன்றும் ஒன்றல்ல

உபகாரச் சம்பளம் என்பது திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத பணம். அதனை யாரோ ஒருவர் உண்மையிலேயே கொடுக்கிறார்.

கட்டணக் கழிவு என்பது கல்லூரி தன் விலையைத் தானே குறைத்துக்கொள்வது. பல விளம்பரங்களில் 'உபகாரச் சம்பளம்' என்ற பெயரில் வருவது இதுதான். இதில் தவறேதுமில்லை, கழிவும் நன்மையே. ஆனால் கடையில் துணி வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? எவ்வளவு தள்ளுபடி என்பதோடு நின்றுவிடாமல், தள்ளுபடி போக விலை என்ன, அதே துணி அடுத்த கடையில் என்ன விலை என்றும் பார்க்கிறோம். கல்லூரிக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். 50 விழுக்காடு கழிவு தரும் கல்லூரியைவிடக் கழிவே தராத கல்லூரியில் மொத்தக் கட்டணம் குறைவாக இருக்கக்கூடும். மேலும் அக்கழிவு முதல் பருவத்திற்கு மட்டுமா, படிப்பு முடியும் வரைக்குமா? புள்ளி குறைந்தால் அது நீக்கப்படுமா? இவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம்.

மூன்றாவது, கடன். தனியார் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் நாடுவது தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகத்தை, அதாவது நாம் எல்லாரும் பி.டி.பி.டி.என். என்றழைக்கும் கழகத்தை. 1997இல் தொடங்கப்பட்ட இக்கழகம் இல்லையென்றால் நம் சமூகத்தில் பலர் கல்லூரி வாசலை மிதித்திருக்க மாட்டார்கள். ஆண்டுக்கு 1 விழுக்காடு 'உஜ்ரா' எனும் சேவைக் கட்டணம் என்பது எந்த வங்கியிலும் கிடைக்காத சலுகை. ஆயினும் அது கடன்தான். படிப்பு முடிந்த பன்னிரண்டு மாதங்களில் திருப்பிச் செலுத்தும் கடமை தொடங்கிவிடுகிறது. படிப்பைப் பாதியில் விட்டாலும் வாங்கிய கடன் மறைந்து போவதில்லை.

"நன்றாகப் படித்தால் கடனைத் தள்ளுபடி செய்துவிடுவார்களாமே?" என்று பலர் கேட்கிறார்கள். அந்த விலக்குக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு இளங்கலைப் பட்டப் படிப்பில் முதல் வகுப்பில் தேறியவர்களுக்குரியது. சிறிய கல்லூரிகளில் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சேர்வது டிப்ளோமாவில். டிப்ளோமாவில் எவ்வளவு உயர்ந்த புள்ளி வாங்கினாலும் அவ்விலக்கு கிடையாது. இதனைச் சேர்க்கும்போது எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இடைவெளி என்னும் பள்ளம்

கடன் கிடைத்துவிட்டால் கட்டணம் முழுவதும் அடைந்துவிடும் என்று எண்ணுவது அடுத்த பிழை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்ட எண்கள். எந்தக் கல்லூரியின் கட்டணமும் அல்ல.

இரண்டரை ஆண்டு டிப்ளோமாவுக்கு மொத்தக் கட்டணம் 30,000 ரிங்கிட் என்று கொள்வோம். கல்லூரி 6,000 ரிங்கிட் கழிக்கிறது. மீதம் 24,000. கடனாக 15,000 கிடைக்கிறது. எஞ்சிய 9,000 ரிங்கிட்டை 30 மாதங்களில் குடும்பம் கட்ட வேண்டும். மாதம் 300 ரிங்கிட். நம் நாட்டில் 2025இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அச்சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கட்டணத்திற்கே போய்விடும். பேருந்துச் செலவு, அறை வாடகை, சாப்பாடு இன்னும் கணக்கில் வரவில்லை. படிப்பு முடிந்தபின் அந்த 15,000ஐப் பத்தாண்டுகளில் அடைப்பதானால் முதல் தொகைக்கு மட்டுமே மாதம் 125 ரிங்கிட் ஆகிறது.

மேலும், கடன்தொகை கல்லூரியில் பதிவு செய்த அன்றே வந்துவிடாது. பதிவுக் கட்டணத்தையும் தொடக்கச் செலவுகளையும் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு முன்னாள் மாணவி டிப்ளோமா சேர்ந்து மூன்று பருவங்கள் படித்தாள். புள்ளிகளில் குறையில்லை. கடன் போக எஞ்சிய கட்டணம் மாதா மாதம் சேர்ந்துகொண்டே வந்தது. பாக்கியைக் கட்டினால்தான் தேர்வு எழுதலாம் என்றது கல்லூரி. லாரி ஓட்டும் தகப்பனால் முடியவில்லை. இன்று அவள் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கையில் சான்றிதழ் இல்லை. பெயரில் கடன் இருக்கிறது. படிக்காமலே வேலைக்குப் போயிருந்தால்கூடக் கடனாவது இருந்திருக்காது. இது அவளுடைய சோம்பலால் நேர்ந்ததன்று. சேர்வதற்கு முன் யாரும் உட்கார்ந்து ஒரு தாளில் மேற்சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டாததால் நேர்ந்தது.

கேட்பதில் வெட்கம் எதற்கு?

நம்மவர்களிடம் ஒரு விந்தையான குணம் உண்டு. கடன் வாங்க வெட்கப்படமாட்டோம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்படுவோம். சிறிய கல்லூரி என்பதில் உள்ள ஒரு நன்மை, முடிவெடுக்கும் அதிகாரியை நேரில் காண முடியும் என்பது. மாணவர் எண்ணிக்கை குறைவாக உள்ள கல்லூரிக்கு ஒரு நல்ல மாணவரை இழக்க மனம் வராது. எனவே சேர்வதற்கு முன்பே முறையாக ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

அக்கடிதத்தில் கண்ணீர் வேண்டாம், கணக்கு வேண்டும். குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், கடன் போக எவ்வளவு குறைகிறது, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பவற்றைத் தெளிவாக எழுத வேண்டும். கழிவு கூட்டித் தர இயலாவிட்டால், வட்டியில்லாத் தவணை கேட்கலாம். நூலகத்திலோ அலுவலகத்திலோ பகுதிநேர வேலை கேட்கலாம். எந்த வாக்குறுதியானாலும் கல்லூரியின் கடிதத் தாளில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னது காற்றோடு போய்விடும்.

சம்பளச் சீட்டு இல்லாத பெற்றோர் விண்ணப்பிக்கவே தயங்குகிறார்கள். நாள்கூலிக்குச் செல்வோரும் சொந்தத்தில் சிறுதொழில் செய்வோரும் இதில் அடங்குவர். இத்தகையோருக்காக, உரிய அதிகாரி உறுதிப்படுத்திய வருமானக் கடிதத்தைப் பெரும்பாலான விண்ணப்பங்கள் ஏற்றுக்கொள்கின்றன. குடும்பம் எஸ்.டி.ஆர். உதவி பெறுவதானால் அதனையும் மறைக்க வேண்டியதில்லை. கடன் தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தே முடிவாகிறது என்பதால் அத்தகவல் பிள்ளைக்கு நன்மையே செய்யும்.

கையொப்பத்திற்கு முன்

ஒன்று, அப்படிப்பு மலேசியத் தகுதி நிறுவனமான எம்.கியு.ஏ.வின் பதிவேட்டில் உள்ளதா என்று இணையத்தில் பாருங்கள். கல்லூரியின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. சேரவிருக்கும் அந்தப் படிப்பின் பெயரே இருக்க வேண்டும். முழு அங்கீகாரமா, தற்காலிக அங்கீகாரமா என்பதையும் கவனியுங்கள்.

இரண்டு, அவசரப்படாதீர்கள். தனியார் கல்லூரிகள் முன்கூட்டியே அழைக்கின்றன, யு.பி.யு. வழி விண்ணப்பித்த அரசாங்க இடங்களின் முடிவோ பின்னர்தான் வருகிறது. இடையில் பதறிப்போய்ப் பணம் கட்டியவர்கள், பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தும் கட்டிய பணத்தை எண்ணிப் போகாமல் இருந்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தரும் விதிமுறையை முன்னரே படித்துவிடுங்கள். படிவம் 6, பாலிடெக்னிக், சமூகக் கல்லூரி ஆகியவை தனியார் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைந்த செலவுடையவை. அவற்றை இரண்டாந்தரமாக எண்ணுவது நம் அறியாமை.

மூன்று, ஊழியர் சேமநிதி. 2024ஆம் ஆண்டு மே மாதம் முதல் நடப்பிலுள்ள மூன்று கணக்குகளில், 'செஜாத்ரா' கணக்கிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்குப் பணம் எடுக்க இடமுண்டு. ஆனால் அது நம் முதுமைக்கான சோறு. கழிவும் தவணையும் கேட்டுப் பார்த்த பிறகு, கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம் அது.

நாம் செய்யக்கூடியது

ஆசிரிய நண்பர்களே, 'இது இடைநிலைப்பள்ளியின் வேலை' என்று நாம் ஒதுங்கலாம். ஆனால் பெற்றோர் நம்மிடம் வருவது முதலாம் ஆண்டிலேயே. பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புத் திட்டம் 2004இலிருந்து இருக்கிறது. கடனுக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கும் அக்கணக்கு தேவைப்படுகிறது. முதலாம் ஆண்டில் தொடங்கிப் படிவம் 5 வரை, மாதம் 30 ரிங்கிட் போட்டு வந்தால் பதினொரு ஆண்டுகளில் 3,960 ரிங்கிட் சேரும். இலாப ஈவு தனி. முழுக் கட்டணத்திற்கு இது போதாதுதான். ஆனால் பதிவு நாளன்று வட்டிக்காரனிடம் ஓடாமல் காக்க இது போதும்.

ஆண்டுக்கு ஒருமுறை, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் ஒதுக்கி இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். முன்னாள் மாணவர்கள் எஸ்.பி.எம். முடித்து வரும் காலத்தில் ஒரு சனிக்கிழமை காலையில் பள்ளி மண்டபத்தைத் திறந்துவைத்து, அவர்கள் கொண்டுவரும் கடிதங்களை வரி வரியாகத் தமிழில் விளக்கலாம். இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. தேநீரும் சில நாற்காலிகளும் ஒரு கணிப்பொறியும் போதும்.

பெற்றோர்களே, பிள்ளையைப் படிக்க வைக்கக் கடன் வாங்குவது இழிவன்று. தெரிந்து வாங்கிய கடன் ஏணி. தெரியாமல் வாங்கிய கடனைப் பிள்ளை பல ஆண்டுகள் சுமக்கும். ஆகவே அடுத்த முறை அந்த இனிய குரல் தொலைபேசியில் 'உதவி' என்று சொல்லும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் நாங்கள் திருப்பித் தர வேண்டியது எவ்வளவு?" எழுத்தில் பதில் வந்த பிறகு பேனாவை எடுங்கள்.