ஒட்டியபடியே இருக்கட்டும்



தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். கணவர் காலமாகி ஓராண்டு ஆகிறது. பரணை ஒழிக்கும்போது அவருடைய ஸ்டாம்பு ஆல்பங்கள் மூன்று கிடைத்தனவாம். ‘எல்லாம் பழசு. காந்தி படம் நிறைய இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்று மகன் செல்போனில் பார்த்துச் சொல்கிறான். உண்மையா?’ என்று கேட்டிருந்தார். அவருக்குத் தனியாகப் பதில் போட்டுவிட்டேன். உறையை ஒட்டிய பிறகுதான், சொல்லாமல் விட்டது நிறைய என்று பட்டது. இந்த மாதம் இந்தப் பக்கம் தபால்தலைகளுக்கு.

மகன் பார்த்த செய்தி பொய்யில்லை. 1948 ஆகஸ்ட் 15, சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவு. காந்தி மறைந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. அன்று அவர் நினைவாக நான்கு தபால்தலைகள் வந்தன: ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ‘பாபு’ என்று இந்தியிலும் உருதுவிலும் போட்டிருக்கும். நாசிக்கில் நமக்கே அச்சகம் இருந்தும் இவற்றை அச்சிட்டுக் கொடுத்தது சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே நிறுவனம். ராட்டை சுற்றியவருக்குச் சீமை அச்சு! ஆனாலும் அந்தப் பத்து ரூபாய்த் தலையைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள் அதன் அழகைக் குறை சொல்ல மாட்டார்கள்.

பத்து ரூபாய் அன்றைக்குச் சின்னத் தொகையா? அந்த ஒன்றை வாங்கும் காசுக்கு ஒன்றரை அணாத் தலை நூற்றுக்கு மேல் வாங்கலாம். அதிலும் கவர்னர் ஜெனரல் அலுவலக உபயோகத்துக்காக ‘சர்வீஸ்’ என்ற சொல்லை மேலச்சாகப் போட்டவை நூறே நூறு. அப்போது அந்த நாற்காலியில் இருந்தவர் நம் ராஜாஜி. அந்த நூறில் இன்று கையில் தேறுவது மிகச் சொற்பம். பிரிக்காமல் நான்காக இருந்த ஒரு துண்டு 2017-ல் ஐந்து லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. மகன் பார்த்தது இதைத்தான்.

ஆனால் அம்மா, அந்த மேலச்சு இல்லாத பத்து ரூபாய்த் தலைக்கே போலிகள் ஏராளம். அசல் என்றால் ஓரத்துத் துளைகளின் கணக்கு 11½ இருக்க வேண்டும். அதாவது இரண்டு சென்டிமீட்டருக்குள் அத்தனை துளை. இதற்கென்று அளவு அட்டை விற்கிறார்கள், விலையும் அதிகமில்லை. துளைக் கணக்கு சரியாக இருந்துவிட்டாலே அசல் என்று ஆகிவிடாது. தவறாக இருந்தால் போலி என்பது மட்டும் நிச்சயம். பிறகு பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பசை அப்படியே இருக்கிறதா, ஆல்பத்தில் மாட்ட ஹிஞ்ச் என்னும் காகிதத் துண்டு ஒட்டிய தடம் இருக்கிறதா? விலையில் பாதிப் பேச்சு முதுகுப்பக்கத்தைப் பற்றியதுதான். நம் ஊர் ஈரக்காற்றில் பசை பழுத்துப் பழுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் காந்தியே ஆனாலும் விலை இறங்கும்.

‘பழசு’ என்பதிலும் ஒரு மயக்கம் உண்டு. உலகின் முதல் தபால்தலை, 1840-ல் இங்கிலாந்தில் வந்த பென்னி பிளாக். அதைவிடப் பழசு ஏது? ஆனால் அச்சடித்தது ஆறு கோடிக்கும் மேல். அதனால் இன்றும் சுமாரான பிரதி ஒன்றை நடுத்தரச் சம்பளக்காரர் ஆசைப்பட்டால் வாங்கிவிடலாம். நம் நினைவுத் தலைகளும் அப்படித்தான். 1960-ல் வந்த திருவள்ளுவர், அதே ஆண்டில் வந்த பாரதி, 1962-ல் வந்த ராமானுஜன், இவை மூன்றும் அந்த ஆல்பத்தில் இருந்தே தீரும் என்று பந்தயம் கட்டுவேன். விற்கப் போனால் டிபன் செலவுக்கு வரலாம். எனக்கென்னவோ அதற்காக அவற்றின் மேல் மரியாதை குறையவில்லை.

தபால் இலாகாவே நினைத்தால் அரிதை மலிவாக்கிவிடவும் முடியும். ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த டாக் ஹாமர்ஷீல்டு 1961-ல் விமான விபத்தில் இறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் அமெரிக்கா நான்கு சென்ட்டில் அவருக்கு ஒரு நினைவுத் தலை வெளியிட்டது. நியூ ஜெர்சியில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர் வாங்கிய தாளில் மஞ்சள் நிறம் மட்டும் தலைகீழாக விழுந்திருந்தது. மனிதர் துள்ளிக் குதித்திருப்பார். இந்த மாதிரிப் பிழைதான் சேகரிப்பாளர்களுக்குப் புதையல். செய்தி பத்திரிகையில் வந்தது. தபால் மந்திரி எட்வர்ட் டே என்ன செய்தார் தெரியுமா? அதே பிழையோடு நான்கு கோடி அச்சடிக்கச் சொல்லிவிட்டார்! புதையல் ஒரே வாரத்தில் சில்லறையானது. சேகரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். எனக்கு அந்த மந்திரியைக் கொஞ்சம் பிடிக்கும், நகைக்கடைக்காரரை நினைத்தால் பாவமாகவும் இருக்கும்.

அதனால்தான் சொல்கிறேன், அரிதாக்குவது அச்சகம் மட்டும் அல்ல. கிழித்துப் போட்டவர்களும் எரித்தவர்களும்கூடத்தான். அந்தப் பட்டியலில் நானும் உண்டு. பினாங்கில் வேலை பார்த்த பெரியப்பா மாதம் தவறாமல் எழுதுவார். உறை வந்ததும் தலையிருக்கும் மூலையைக் கிழித்து, கொல்லைப்புறத்துத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டு, உரித்து, தினமணித் தாளில் காயவைப்பேன். பட்டாம்பூச்சி படம் போட்ட மலேசியத் தலைகள். உறைகள் வெந்நீர் அடுப்புக்குப் போயின. இன்று அந்தத் தலைகள் எந்த ஆல்பத்திலும் இருக்கும். பெரியப்பாவின் கையெழுத்தும், முத்திரை நாளும், அப்பா பெயரும் சேர்ந்த உறை உலகத்தில் எங்கும் கிடையாது. அனுபவப்பட்ட சேகரிப்பாளர்கள் இப்போது தேடுவதும் அதைத்தான்: விற்பனைக்காகத் தயாரித்த முதல் நாள் உறையை அல்ல, நிஜமாகவே தபாலில் போய்வந்த உறையை.

விலை பார்த்தே ஆக வேண்டுமென்றால், வாசகர்களே, முதலில் வருகிறவரிடம் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் தபால்தலைச் சேகரிப்பாளர்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. விலை சொல்ல மாட்டார்கள், ஆனால் அங்கே வந்து போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் விஷயம் தெரிந்த இருவராவது அகப்படுவார்கள். தலையை விரலால் எடுக்க வேண்டாம், இடுக்கி போதும். ஆல்பத்தைப் படுக்கப்போட்டு மேலே பாரம் ஏற்றாமல் நிறுத்தி வையுங்கள். பழைய உறை கிடைத்தால் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

நம் அலுவலகத்துக்கு வரும் தபாலில் இப்போது பார்கோடு ஸ்டிக்கர்தான் அதிகம். அடுத்த முறை எழுதும்போது அஞ்சலகத்தில் கேட்டு ஒரு நினைவுத் தலை வாங்கி ஒட்டி அனுப்புங்களேன். கத்தரிக்கோல் வைத்திருக்கிறோம், உறையைக் கிழிக்க மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்